ரத்தம் யாருடையது? பங்கேற்புக் கலை: ஓர் எளிய அறிமுகம்

1960களின் தொடக்கத்தில் பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் நிலமற்ற விவசாயிகள் சங்கமாகத் திரண்டுகொண்டிருந்தார்கள். சாவ் பாவ்லோ நகரிலிருந்து அங்கே சென்ற ஒரு நாடகக் குழு, நிலத்தை மீட்பதற்கு ரத்தம் சிந்தவும் தயங்கக் கூடாது என்று முழங்கும் நாடகம் ஒன்றை அவர்கள் முன் நடத்தியது. நடிகர்கள் துப்பாக்கிகளை உயர்த்திப் பிடித்துப் பாடி முடித்ததும், விர்ஜீலியோ என்ற விவசாயி கண்கலங்கியபடி அவர்களிடம் வந்தார். உங்கள் எண்ணமும் எங்கள் எண்ணமும் ஒன்றாக இருக்கிறது, முதலில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம், பிறகு துப்பாக்கிகளோடு கிளம்பிப்போய் எங்கள் தோழர் ஒருவரின் நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட நிலக்கிழாரின் அடியாட்களை விரட்டிவிட்டு வருவோம் என்றார். குழுவினருக்குச் சோற்றின் மீதிருந்த ஆசை போய்விட்டது. இவை நாடகத்துக்காகச் செய்த துப்பாக்கிகள், சுடாது என்று இயக்குநர் விளக்கினார். அதனாலென்ன, எங்களிடம் எல்லோருக்கும் போதுமான அளவு நிஜத் துப்பாக்கிகள் இருக்கின்றன என்றார் விர்ஜீலியோ. நாங்கள் நிஜமான கலைஞர்கள்தான், ஆனால் நிஜமான விவசாயிகள் அல்லர் என்று இயக்குநர் தயங்கித் தயங்கிச் சொன்னபோதுதான் விர்ஜீலியோவுக்கு விஷயம் விளங்கியது. அப்படியானால் சிந்த வேண்டிய ரத்தம் என்று நீங்கள் பாடியதெல்லாம் எங்கள் ரத்தத்தைத்தானே தவிர உங்களுடையதை அல்ல என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்த இயக்குநரின் பெயர் அகஸ்டோ போவால். 1931இல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்து, வேதிப் பொறியியல் படித்து, நாடகத்துக்கு வந்தவர். தன்னை நாணச் செய்த இந்தச் சம்பவத்தை அவர் மறைக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் சொன்னார். தானே ஏற்கத் தயாராக இல்லாத ஆபத்தை ஏற்குமாறு மேடையிலிருந்து பிறருக்கு அறிவுரை கூறும் நாடகத்தை இனி எழுதுவதில்லை என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுவந்தது அந்தப் பகல்தான். பங்கேற்புக் கலை என்று இன்று சொல்லப்படும் பெரிய வகைமைக்குள் நுழைவதற்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. ஏனெனில் அந்த வகைமையின் அடிப்படைக் கேள்விகள் எல்லாமே விர்ஜீலியோ சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கின்றன.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். ஓவியத்தை ஓவியர் வரைகிறார், நாம் பார்க்கிறோம். நாடகத்தைக் குழு நடத்துகிறது, நாம் பார்க்கிறோம். இந்தப் பாகப்பிரிவினையை உடைத்து, பார்க்க வந்தவர்களையும் அல்லது எந்தப் பிரச்சினையைப் பற்றிய கலையோ அந்தப் பிரச்சினையோடு வாழ்கிறவர்களையும் கலையை உருவாக்குகிறவர்களாக ஆக்குவதே பங்கேற்புக் கலை. கலைஞர் இங்கே ஒரு பொருளைச் செய்து முடித்துக் கொடுப்பதில்லை; ஒரு சூழலையும் சில விதிகளையும் அமைத்துக் கொடுக்கிறார். செயற்பாடு என்பது வேறு. கோரிக்கை வைப்பது, ஊர்வலம் போவது, வழக்குத் தொடுப்பது, சட்டத்தை மாற்றுவது என்று அதற்கு ஒரு குறிப்பிட்ட இலக்கு உண்டு. இலக்கை எட்டினோமா இல்லையா என்று அதனிடம் கேட்கலாம். கலையிடம் அப்படிக் கேட்டால் அது பெரும்பாலும் முழிக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்களைச் சமூக ஈடுபாடு கொண்ட கலைஞர்கள் என்கிறோம். அந்த இடத்தில் நிற்பது எளிதன்று என்பதற்குப் போவாலின் வாழ்க்கையே சாட்சி.

பிரேசிலில் 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1971இல் போவால் கைது செய்யப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகி, பிறகு நாடு கடந்து அர்ஜென்டினாவில் தங்கினார். 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கம் ஒன்றில் வேலை செய்யப் போனார். அங்கே அவர் கையாண்டுவந்த முறை இதுதான்: மக்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு பிரச்சினையைச் சொல்வார்கள், நடிகர்கள் அதை நடித்து நெருக்கடியான கட்டத்தில் நிறுத்துவார்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்வையாளர்கள் சொல்லச் சொல்ல நடிகர்கள் அவற்றையெல்லாம் நடித்துக்காட்டுவார்கள். மேடை நடிகர்களுக்கு, யோசனை மக்களுக்கு.

ஒருநாள் ஒரு பெண் தன் கதையைக் கொண்டுவந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீடு கட்டுவதாகச் சொல்லிக் கணவன் அவ்வப்போது அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு, ரசீது என்று சில தாள்களைக் கொடுத்துவந்தான். அவற்றைப் பத்திரமாக வைத்திருந்த அவர், ஒருநாள் சந்தேகம் வந்து, படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டினார். அவை ரசீதுகள் அல்ல. அவனுடைய காதலி அவனுக்கு எழுதிய கடிதங்கள். ஊருக்குப் போயிருந்த கணவன் மறுநாள் திரும்பி வரப்போகிறான். என்ன செய்வது?

அழுது அவனைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்கலாம் என்றார் ஒருவர். கதவைத் தாழிட்டு வெளியே நிறுத்தலாம் என்றார் இன்னொருவர். வீட்டை விட்டுப் போய்விடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. நடிகர்கள் எல்லாவற்றையும் நடித்தார்கள். கூட்டத்தில் கனத்த உடம்புக்காரப் பெண்மணி ஒருவர் மட்டும் சமாதானம் ஆகாமல், அவனோடு தெளிவாகப் பேசிவிட்டுப் பிறகு மன்னிக்க வேண்டும் என்றார். நடிகை கணவனோடு தெளிவாகப் பேசி மன்னித்தார். இது இல்லை என்றார் அந்த அம்மாள். இன்னும் கொஞ்சம் கடுமையாகப் பேசி நடித்தார்கள். இதுவும் இல்லை. பொறுமை இழந்த போவால், நீங்களே மேடைக்கு வந்து காட்டுங்கள் என்று கூப்பிட்டுவிட்டார். அந்த அம்மாள் மேடையேறினார், துடைப்பத்தை எடுத்தார், கணவனாக நடித்தவரை வெளுத்து வாங்கினார். கை ஓய்ந்த பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லி மன்னித்து, உள்ளே போய்ச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வா என்று அவனையே சமையலறைக்கு அனுப்பினார்.

தெளிவாகப் பேசுவது என்ற சொல்லுக்கு அவர் வைத்திருந்த பொருள் அதுதான். அதை நடிகை எத்தனை முறை முயன்றாலும் நடித்திருக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பொருள் அந்த அம்மாளின் கைகளில் இருந்தது. வாய்ச்சொல்லாகக் கொடுக்கக்கூடியதாக இருக்கவில்லை. பிறர் சார்பில் நடித்துக்காட்டுவது நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும் ஒருவகை மொழிபெயர்ப்பே என்பதையும், மொழிபெயர்ப்பில் முதலில் தொலைவது துடைப்பம்தான் என்பதையும் போவால் அன்று கண்டுகொண்டார் என்று நான் வாசிக்கிறேன்.

போவால் தன் முறைகளுக்கெல்லாம் சேர்த்து வைத்த பெயர் ஒடுக்கப்பட்டோர் அரங்கு. இந்தச் சம்பவத்திலிருந்துதான் அதன் மிகப் பரவலான வடிவமான விவாத அரங்கு பிறந்தது. அதன் இயக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். பெரிய துணிக்கடை ஒன்றில் புடவைப் பிரிவில் ஒரு பெண் வேலை செய்கிறார். காலை பத்து மணிக்கு நிற்கத் தொடங்கினால் இரவு கடை சாத்தும் வரை நிற்க வேண்டும். கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் துணி மூட்டையின் மீது ஒரு நிமிடம் உட்கார்கிறார். சூப்பர்வைசர் பார்த்துவிடுகிறார், அரை நாள் சம்பளம் பிடிக்கப்படுகிறது. மாலையில் விடுதிக்குத் திரும்பி வீங்கிய காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு அழுகிறார். நாடகம் இப்படித் தோல்வியில்தான் முடிய வேண்டும். மேடையிலேயே தீர்வு கிடைத்துவிட்டால் பார்வையாளர் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

பிறகு அதே நாடகம் இரண்டாம் முறை, சற்று வேகமாக நடத்தப்படும். இந்த முறை பார்வையாளர் யாரும் எந்த இடத்திலும் ‘நிறுத்து’ என்று கத்தலாம், மேடையேறி அந்தப் பெண்ணின் இடத்தை எடுத்துக்கொண்டு வேறு விதமாக நடந்துகாட்டலாம். ஒருவர் சூப்பர்வைசரோடு சண்டை போடுகிறார், வேலை போகிறது. இன்னொருவர் சக பெண்களைத் திரட்டப் பார்க்கிறார். இரண்டு பேர் மட்டும் வருகிறார்கள். மூன்றாமவர் சட்டம் பேசுகிறார். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டம் திருத்தியிருக்கின்றன அல்லவா, அதைச் சொல்கிறார். சூப்பர்வைசராக நடிப்பவர் உடனே மசிந்துவிடக் கூடாது. நிஜ சூப்பர்வைசர் என்ன செய்வாரோ அதைச் செய்ய வேண்டும். அவர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போடுகிறார், அந்தப் பெண் அதில் உட்கார்ந்ததும் வாடிக்கையாளரைக் கவனிக்கவில்லை என்று குறிப்பெழுதுகிறார். இப்போது என்ன செய்வீர்கள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்க ஒருவர் நிற்பார். அவருக்கு ஜோக்கர் என்று பெயர், கோமாளி என்ற பொருளில் அல்ல. சீட்டுக்கட்டில் எந்த இனத்தையும் சேராத சீட்டு என்ற பொருளில். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனைப் போல ஒரு கால் ஆட்டக்களத்திலும் ஒரு கால் கூட்டத்திலுமாக நிற்பவர் என்று வைத்துக்கொள்ளலாம், கட்டியங்காரனுக்குள்ள நையாண்டி உரிமை இவருக்குச் சற்றுக் குறைவு.

முக்கியமான ஒரு விதி உண்டு. ஒடுக்கப்படுகிறவரின் இடத்தைத்தான் பார்வையாளர் எடுக்கலாம், ஒடுக்குகிறவரின் இடத்தை எடுக்கக் கூடாது. சூப்பர்வைசராக மேடையேறி, இனி எல்லோரும் உட்காருங்கள் அம்மா என்று சொல்லிவிடுவது சுலபம், அது மந்திரவாதம். கூட்டமே அதை மந்திரம் என்று சொல்லித் தள்ளிவிடும். நடப்பில் இல்லாத நல்லவனைக் கற்பனை செய்வது விவாத அரங்கில் ஏற்கப்படுவதில்லை.

இதில் என்ன புதுமை, எங்கள் ஊரில் ஜனங்கள் காலம்காலமாகக் கலையில் பங்கேற்கிறார்களே என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தின் நிறைவில் நடக்கும் படுகளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மண்ணால் படுக்க வைத்த பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஊரே நிற்கும், கூத்துக்காரர்கள் அதன் மீதும் சுற்றியும் சண்டையிடுவார்கள், பாஞ்சாலி சபதம் தீர்த்துக் கூந்தலை முடிப்பாள். அங்கே வெறும் பார்வையாளர் என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. ஆயினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. துரியோதனன் ஒவ்வோர் ஆண்டும் விழுந்தே ஆக வேண்டும். ஊர் அந்த முடிவுக்குள் நுழைகிறது, முடிவை மாற்றுவதில்லை. சடங்கின் வலிமையே அந்த மாறாமைதான். விவாத அரங்கில் முடிவு காலியாக விடப்பட்டிருக்கிறது. பங்கேற்பு என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கும்போது, சேர்ந்து செய்வதும் சேர்ந்து தீர்மானிப்பதும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

போவாலின் முறைகளில் எனக்கு உறுத்தலாக இருப்பது கண்ணுக்குப் புலப்படாத அரங்கு. இதில் நாடகம் நடக்கிறது என்பதே சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியாது. பெரு நாட்டு ஓட்டல் ஒன்றின் உணவகத்தில் நடத்தியதை அவரே விவரித்திருக்கிறார். நடிகர்கள் தனித்தனி மேசைகளில் சாதாரண வாடிக்கையாளர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் 70 சோல் (பெரு நாட்டு நாணயம்) விலையுள்ள இறைச்சி உணவைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, பணம் இல்லை, என் உழைப்பால் கடனை அடைக்கிறேன் என்றார். குப்பை அள்ளினால் இங்கே மணிக்கு எவ்வளவு கூலி என்று கேட்டார். ஏழு சோல் என்று வேறொரு மேசையில் இருந்த நடிகர் சொன்னார். பத்து நிமிடத்தில் தின்றதற்குப் பத்து மணி நேரம் குப்பை அள்ள வேண்டுமா என்று அவர் குரலை உயர்த்த, உணவகம் முழுவதும் விவாதத்தில் இறங்கிவிட்டது. கணக்கு நெஞ்சில் தைக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் தங்களைக் கேட்காமலேயே பங்கேற்பாளர்களாக ஆக்கப்பட்டவர்களில் சாப்பிட வந்தவர்கள் மட்டுமல்லர், அன்று பரிமாறிக்கொண்டிருந்த பணியாளர்களும் உண்டு. மாலையில் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். விர்ஜீலியோவின் கேள்வியை இங்கே போவாலிடமே திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. ராணுவ ஆட்சிகளின் கீழ் வெளிப்படையான நாடகம் ஆபத்தாக இருந்த காலத்தின் தேவை அது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

குப்பை அள்ளுகிறவரைப் பற்றிப் பேச்சு வந்ததால், அவர்களைத் தேடிப்போன ஒரு கலைஞரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. நியூயார்க்கைச் சேர்ந்த மியர்ல் லேடர்மன் யூக்கலீஸ், முதல் குழந்தை பிறந்த பிறகு, நாள் முழுவதும் துடைப்பதும் துவைப்பதும் சமைப்பதுமாக இருக்கும் தன் நேரத்தில் கலைக்கு இடம் எங்கே என்று யோசித்து, இந்தப் பராமரிப்பு வேலைதான் இனி என் கலை என்று 1969இல் அறிக்கை வெளியிட்டார். புரட்சி முடிந்த பிறகு திங்கட்கிழமை காலையில் குப்பையை யார் அள்ளுவது என்ற கேள்வி அந்த அறிக்கையில்தான் வருகிறது. 1973இல் ஹார்ட்ஃபோர்டு நகர அருங்காட்சியகத்தின் படிக்கட்டுகளை மணிக்கணக்கில் கையால் தேய்த்துக் கழுவினார். 1977இல் நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையில், சம்பளம் இல்லாத உறைவிடக் கலைஞராக, அதாவது ஒரு நிறுவனத்துக்குள்ளேயே இருந்து கலை செய்பவராக, சேர்ந்தார். நகரம் திவாலாகும் நிலைக்குப் போய் ஊழியர்களை ஆயிரக்கணக்கில் வேலையைவிட்டு நீக்கியிருந்த காலம் அது.

1979 ஜூலை முதல் 1980 ஜூன் வரை நகரத்தின் எல்லா வட்டங்களுக்கும் போய், அங்கே வேலை செய்த 8,500 துப்புரவுப் பணியாளர்களையும் ஒவ்வொருவராக நேரில் சந்தித்தார். கையைப் பிடித்துக் குலுக்கி, நியூயார்க் நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி என்று சொன்னார். அவ்வளவுதான் அந்தக் கலைப்படைப்பு. சொல்லிக் கேட்டால் ஒன்றுமில்லாதது போலிருக்கும். 8,500 முறை செய்வது என்பது வேறு. அவர்கள் வேலை செய்யும் நேரத்தில், அதிகாலையோ நள்ளிரவோ, அவர்கள் இடத்துக்கு அவர் போனார். குனிந்து தொட்டியைத் தூக்கும் அசைவைப் பின்னாலேயே நின்று செய்து கற்றுக்கொண்டார். ஜனங்கள் தங்களையே குப்பையாகப் பார்ப்பதாக அவர்கள் சொன்னதைக் கேட்டார். இழிவாக அழைக்கப்பட்ட பெயர்களை அவர்களிடமிருந்து திரட்டி, 1984இல் ஒரு கலைக்கூடத்தின் கண்ணாடிச் சன்னல்கள் மீது எழுதவைத்து, நகரத்தின் பல துறைப் பிரமுகர்களை அழைத்து அவற்றைக் கழுவச் செய்தார். பங்கேற்க வேண்டியவர்கள் யார் என்பதை அவர் திருப்பிப்போட்டது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். பெயரைச் சுமந்தவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. கழுவும் வேலை பெயர் வைத்த நகரத்துக்கு.

கைகுலுக்கல் கூலியை உயர்த்துமா என்றால் உயர்த்தாது. அதற்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. யூக்கலீஸ் தன்னைச் சங்கமாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. அதே செயலை நம் ஊரில் அப்படியே செய்துகாட்டலாமே என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்லலாம். துப்புரவு வேலையைச் சாதியோடு கட்டிப்போட்டிருக்கும், தொடுவதே பல நூறாண்டுப் பிரச்சினையாக இருந்துவரும் சமூகத்தில் ஒரு கைகுலுக்கல் நியூயார்க்கில் தந்த பொருளைத் தராது. புகைப்படக்காரர் பக்கத்தில் இருந்தால் பொருள் இன்னும் கெட்டுவிடும்.

பங்கேற்பு எல்லாமே நல்லது என்ற எண்ணத்துக்கு மறுப்பு கலை உலகத்துக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. ரிர்க்ரிட் திராவனிஜா என்ற தாய்லாந்துக் கலைஞர் 1992இல் நியூயார்க் கலைக்கூடம் ஒன்றில் சோறும் தாய்லாந்துக் குழம்பும் சமைத்து வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகப் பரிமாறினார். சேர்ந்து சாப்பிடுவதே படைப்பு. அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்த கலை வட்டத்தினர், முரண்பாடே இல்லாத அந்த இணக்கத்தை ஜனநாயகம் என்று எப்படி அழைப்பது என்று கலை விமர்சகர் கிளேர் பிஷப் கேட்டார். நல்ல நோக்கம் இருக்கிறது என்பதற்காகக் கலையாக அது தேறுகிறதா என்று பார்ப்பதை நிறுத்திவிடக் கூடாது என்பதும் அவருடைய வாதம். நான் முதல் பாதியோடு முழுதாக உடன்படுகிறேன், இரண்டாவதோடு பாதி.

1968 மே மாதத்தில் பாரிஸ் மாணவர்கள் ஒட்டிய சுவரொட்டி ஒன்று பங்கேற்பின் மீதான இந்தச் சந்தேகத்தை இலக்கண வகுப்பாகவே நடத்திவிட்டது: நான் பங்கேற்கிறேன், நீ பங்கேற்கிறாய், அவன் பங்கேற்கிறான், நாம் பங்கேற்கிறோம், நீங்கள் பங்கேற்கிறீர்கள், அவர்கள் லாபம் பார்க்கிறார்கள். அதற்கடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். கீழ்ப்படிகளில் மக்களை ஏய்ப்பதும் தேற்றுவதும் இருக்கின்றன, நடுவில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும், மேற்படிகளில்தான் அதிகாரம் கைமாறுகிறது. நகரத் திட்டங்களுக்காக எழுதப்பட்ட ஏணி அது, ஆனால் கலைக்கும் பொருந்தும். சுவரில் கோடு போட்டுக் கொடுத்துக் குழந்தைகளை வண்ணம் அடிக்கச் சொல்வது ஒரு படி. எந்தச் சுவரில் என்ன வரைவது, அல்லது சுவரே வேண்டாமா என்பதைக் குழந்தைகள் முடிவு செய்வது வேறு படி.

போவால் அந்த ஏணியில் எவ்வளவு தூரம் ஏறினார் என்பதைப் பார்க்க ரியோவுக்குத் திரும்ப வேண்டும். ராணுவ ஆட்சி முடிந்து நாடு திரும்பிய அவர், 1992இல் தொழிலாளர் கட்சியின் சார்பில் ரியோ நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தன் நாடகக்காரர்களையே அலுவலக ஊழியர்களாக வைத்துக்கொண்டு, ஏழைக் குடியிருப்புகளிலும் முதியோர், பார்வையற்றோர் போன்ற குழுக்களிடையேயும் விவாத அரங்கை நடத்தினார். மேடையேறியவர்கள் முன்வைத்த தீர்வுகள் குறித்துக்கொள்ளப்பட்டு, வழக்கறிஞர்களின் உதவியோடு சட்ட முன்வரைவுகளாக மன்றத்துக்குப் போயின. சட்டமாக்கும் அரங்கு என்று அதற்குப் பெயரிட்டார். நான்கு ஆண்டுகளில் 13 சட்டங்கள் அந்த வழியில் நிறைவேறின. நகராட்சி மருத்துவமனைகளில் முதியோர் மருத்துவர்கள் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

பார்வையற்றவர்கள் கொண்டுவந்த பிரச்சினை இன்னும் சின்னது. பிரேசில் தெருக்களில் பெரிய காது மடல் போன்ற கூடுகளுக்குள் பொதுத் தொலைபேசிகள் இருந்தன. கூடு மேலே அகலமாகப் புடைத்திருக்கும், கீழே ஒரு மெல்லிய கம்பம்தான். தரையைத் தட்டிக்கொண்டு வரும் கைத்தடி கம்பத்தைத் தவறவிட்டுவிடும். நெற்றி நேராகக் கூட்டில் மோதும். பார்வை உள்ள யாருக்கும் தோன்றியிராத, மோதியவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம் இது. தொலைபேசியின் அடியில், கூட்டின் அகலத்துக்குச் சிறு மேடை ஒன்றை எழுப்பிவிட்டால் கைத்தடி முதலில் அதில் தட்டும் என்ற தீர்வையும் அவர்களே நடித்துக்காட்டினார்கள். அது சட்டமானது. 1996 தேர்தலில் போவால் தோற்றுப்போனார்.